இரண்டு வருட அனுபவம்

ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஒரு பயோடேட்டா அடிக்கப் பத்து நிமிடம் போதும். கம்ப்யூட்டரில் பழைய ஒன்றைத் திறந்து, பெயரையும் படிப்பையும் மாற்றினால் முடிந்தது வேலை. அவர் அடித்த பயோடேட்டாக்களில் எல்லோருமே கடின உழைப்பாளிகள். எல்லோருக்கும் பொழுதுபோக்கு புத்தகம் வாசிப்பது. புத்தகத்தைக் கண்டாலே கொட்டாவி விடுகிறவர்களும் அதில் அடக்கம்.

அன்று காலை வந்தவளுக்கு முப்பது வயது இருக்கும். மருத்துவமனையில் படுக்கையிலேயே இருக்கும் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்களாம். தங்க இடமும் உண்டாம். அம்மா இறந்த பிறகு அண்ணன் வீட்டில் அவள் வேண்டாத ஆளாகிவிட்டாள். மாதம் முடிவதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டான்.

“இதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தீங்கம்மா?” என்று கேட்டார் கடைக்காரர்.

“எங்கயும் இல்லைண்ணே. எங்கம்மா ஏழு வருஷம் படுத்த படுக்கையா இருந்தாங்க. குளிப்பாட்டுறது, புரட்டிப் படுக்க வைக்கிறது, குழாய் வழியா சாப்பாடு குடுக்கிறது எல்லாம் நான்தான். அதை எழுதலாமா?”

அவர் சிரித்துவிட்டார். “பெத்த தாயைப் பாத்துக்கிட்டதை யாராவது வேலைன்னு எழுதுவாங்களா? அனுபவம் இல்லைன்னா தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க. டவுன்ல இருக்கிற ஒரு துணிக்கடை பேரைப் போட்டு, ரெண்டு வருஷம்னு எழுதுறேன். எல்லாருக்கும் போடுறதுதான், ஒருத்தரும் விசாரிக்க மாட்டாங்க.”

அவள் தயங்கினாள். நாலும் தெரிந்தவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று கீழே கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாம் நாள் மதியம் திரும்பி வந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

“என்னம்மா ஆச்சு?”

“ஆஸ்பத்திரியில இருந்தே அந்தத் துணிக்கடைக்குப் போன் போட்டாங்கண்ணே. அப்படி யாரும் வேலை பாக்கலைன்னு சொல்லிட்டாங்க.”

“அம்மாவைப் பாத்துக்கிட்டதைச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். படுத்தே இருக்கிறவங்களுக்கு முதுகுல புண்ணு வராம எப்படிப் பாத்துக்கணும்னு சொன்னேன். ஆள் எடுக்கிற மேடம் பேனாவைக் கீழ வச்சுட்டுக் கவனமாக் கேட்டுக்கிட்டாங்க. ‘இதை எழுதியிருந்தா இன்னிக்கே சேர்த்திருப்பேம்மா. ஆனா பொய்க்குக் கையெழுத்துப் போட்டவங்களை நம்பி, வாய் பேச முடியாத நோயாளியை எப்படி ஒப்படைக்கிறது?’ன்னாங்க.”

அவள் சண்டை போட்டிருந்தால்கூடக் கடைக்காரர் தாங்கியிருப்பார். “உள்ளதை உள்ளபடி அடிச்சுத் தர்றேம்மா. மறுபடியும் போய்ப் பாருங்க” என்றார்.

“அந்த இடத்துக்கு வேற ஆள் எடுத்துட்டாங்கண்ணே.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “செஞ்ச வேலையைச் சொல்ல வெட்கப்பட்டு, செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னோடதும்தான்.”

ஏழு வருட உழைப்பையும் ஒன்றுவிடாமல் அவள் சொல்லச் சொல்ல அடித்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்தத் தாளை மடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வேறு மருத்துவமனையைத் தேடி வெயிலில் இறங்கிப் போனாள். மாதம் முடிய ஐந்தே நாள் இருந்தது.

அடுத்து நின்றவர், “எனக்கு ஏதாவது ஒரு கம்பெனி பேரைப் போட்டு விடுங்க” என்றார்.

“வேண்டாம் சார். வீட்டுல செஞ்சதா இருந்தாலும் நீங்க செஞ்சதைச் சொல்லுங்க, அதையே எழுதுவோம். பொய் அனுபவம் வேலை வாங்கித் தராது. நமக்கு நிஜமா இருக்கிற தகுதியையும் சேர்த்துக் கெடுத்துடும். ஒரு பொண்ணுக்கு அந்தப் பாவத்தை என் கையாலேயே பண்ணிட்டேன்.”