கிளாம்ப் போட்ட மடிக்கணினி

உலகத்தில் எது கோணினாலும் நடுவில் வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கினால் சரியாகிவிடும் என்பது தச்சரின் அசைக்க முடியாத நம்பிக்கை. கதவு, நாற்காலிக் கால், வளைந்த பலகை எல்லாம் அவர் கைக்குப் பணிந்தவைதான். ஆகவே, மனைவியின் மடிக்கணினி மூட மறுத்து வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது, அதையும் அவர் பலகையாகவே பார்த்தார்.

மனைவி பள்ளி ஆசிரியை. மெத்தைமேல் வைத்து, பொழுதுக்கும் சார்ஜரைச் செருகியபடியே வேலை செய்வார். மூன்று வாரமாக அதன் அடிப்பக்கம் புடைத்துக்கொண்டு வந்தது.

"என்னங்க, கடையில காட்டிடலாமா? உள்ள என்னமோ வீங்கின மாதிரி இருக்கு."

"இதுக்குப் போய் கடையா? வளைஞ்ச தேக்கையே நிமித்தினவன் நான். மதியத்துக்குள்ள தட்டையாக்கித் தரேன், பாரு."

"உடைச்சு வைக்காதீங்க. சாயங்காலம் மார்க் ஏத்தணும். சார்ஜ்லயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் பள்ளிக்குப் போனார்.

முன்னறைதான் தச்சரின் பட்டறை. சார்ஜரைக் கழற்றாமலேயே இரண்டு பலகைகளுக்கு நடுவே மடிக்கணினியை வைத்து, இரண்டு கிளாம்ப் மாட்டித் திருகினார். உள்ளே ஏதோ நெரிபட்ட சத்தம் கேட்டது. "ஆங், வழிக்கு வருது" என்று இன்னும் ஒரு சுற்றுத் திருகினார். எல்லாம் தெரிந்தவர் அல்லவா! நான்கு வயது மகள், வீட்டில் எல்லாருக்கும் 'வாலு', மரச்சீவலோடு விளையாடிக் களைத்துச் சுவரோரம் பாயில் தூங்கிப்போனாள்.

வாசலில் பிளைவுட் வண்டி வந்து நின்றது. தச்சர் இறங்கிப் போய், இரண்டாவது பலகையைத் தோளில் ஏற்றும்போது உள்ளே 'புஸ்ஸ்' என்று சீறியது. திரும்பினால், ஜன்னலில் கரும்புகை. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுப்பே இல்லாத அறையில் நெருப்பு எப்படி வரும்?

"வாலு!"

பலகையைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தார். கிளாம்புகளுக்கு நடுவிலிருந்து தீ பீய்ச்சி அடித்தது. சீவல் முழுக்கப் பற்றிக்கொண்டிருந்தது. கண் தெரியவில்லை, மூச்சு முட்டியது. தரையைத் துழாவித் துழாவி, கடைசியில் ஒரு சின்னக் கால் கையில் பட்டது. அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். பிளைவுட் வண்டிக்காரர் மின்சார மெயினை அணைத்துவிட்டு, வாசல் குழாயில் ஹோஸை மாட்டி ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சினார்.

குழந்தை அசையவில்லை. பிறகு இருமினாள், வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டதும் தச்சர் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் குழந்தையின் நெஞ்சைச் சோதித்தார். "பயமில்ல. இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா..." என்றார். பள்ளியிலிருந்து ஓடிவந்த மனைவி மார்க்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. மகளை மடியில் போட்டுக்கொண்டு, அவள் முகத்திலிருந்த கரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாழாப்போன மெஷினு! எப்ப வெடிக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்று ஆறுதல் சொன்னார் கூடவே வந்த வண்டிக்காரர்.

தச்சர் தலையை ஆட்டி மறுத்தார்.

"மெஷினைத் திட்டாதீங்க. மூணு வாரமா வீங்கி வீங்கிக் காட்டுச்சு. உள்ள இருக்கிற பேட்டரிதான் அப்படி வீங்குமாம், டாக்டர் இப்பத்தான் சொன்னாரு. பேட்டரி வீங்கினா அமுக்கக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜரைப் பிடுங்கிட்டு ஓரமா வெச்சு, தெரிஞ்சவங்களைக் கூப்பிடணும். எனக்கு இது தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல வெக்கப்பட்டேன். அந்த வெக்கத்துக்கு என் புள்ளையைக் கொடுக்க இருந்தேனே!"