போட்ட கைதான் அழிக்கணும்

ரயில் ஷெட்டில் அவரை எல்லோரும் ‘ஓடாது’ என்றுதான் கூப்பிடுவார்கள். நேரில் கூப்பிடும்போது மட்டும் மரியாதைக்கு ஒரு ‘சார்’ சேர்த்துக்கொள்வார்கள். “ஓடாது சார், டீ வந்துடுச்சு!” அவரும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்ப்பார். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் சும்மா கிடந்தது.

அவர் என்ஜின் பரிசோதகர். ஷெட்டை விட்டு ஒரு என்ஜின் கிளம்புவதற்கு முன் டார்ச்சும் சின்னச் சுத்தியலுமாக அதன் அடியில் நுழைவார். சக்கரத்தை ஒரு தட்டு தட்டி, காதைக் கொடுத்துக் கேட்பார். சத்தம் கணீரென்று வந்தால் “ஓடும்.” இல்லையென்றால் “ஓடாது.” அதோடு சட்டைப் பையிலிருந்து சிவப்பு சாக்பீஸ் வெளியே வரும், என்ஜின் மேல் ஒரு பெருக்கல் குறி விழும். அந்தக் குறியை யார் போட்டாரோ அவர்தான் அழிக்க வேண்டும். அது ஷெட்டின் சட்டம். டிரைவர்கள் கெஞ்சுவார்கள், மேலாளர் பல்லைக் கடிப்பார், பிளாட்பாரத்தில் ஆயிரம் பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இவர் அசைந்து கொடுக்க மாட்டார். ஒன்று சொல்ல வேண்டும், அவர் ‘ஓடும்’ என்று சொன்ன எந்த என்ஜினும் இதுவரை நடுவழியில் நின்றதில்லை.

ஷெட்டையே ஆட்டிப்படைத்த இந்த மனிதர் வீட்டில் ஒரு ஆளிடம் மட்டும் தோற்றுக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்கு வயது இரண்டரை.

ஷிஃப்ட் வேலை. இவர் வீட்டுக்கு வரும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் விழிக்கும்போது இவர் ஷூவை மாட்டிக்கொண்டிருப்பார். அதனால் குழந்தைக்கு அப்பா என்றால் கிளம்பிப் போகிற ஒரு ஆள், அவ்வளவுதான். இவரைப் பார்த்தாலே கையைத் தூக்கி “டாட்டா!” என்பாள். வேலை முடிந்து உள்ளே நுழைந்தாலும் டாட்டா. சாப்பிட உட்கார்ந்தாலும் டாட்டா. ஒரு நாள் ஆசையாகத் தூக்கினார். அவள் அழவில்லை, திமிறவில்லை. அவர் முகத்தைப் பார்த்து மிக மரியாதையாக “டாட்டா” என்றாள். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். இவரும் சிரித்துவிட்டு, முகம் கழுவப் போகிறேன் என்று போய் ரொம்ப நேரம் கழுவினார். அவருக்கு வலித்தது.

அன்றுதான் அவர் வாக்குக் கொடுத்தார். “அப்பா உனக்கு மர என்ஜின் வாங்கிட்டு வரேன்.” குழந்தை டாட்டாவைப் பாதியில் நிறுத்திவிட்டு, முதல் தடவையாக அவரிடம் ஒரு கேள்வி கேட்டாள்: “என்ஜின் எப்போ?”

மூன்று விடுமுறை நாட்கள், மூன்று கடைகள். மூன்று முறையும் வெறுங்கை.

“அச்சு ஆடுது. எப்படி வாங்குறது?” என்றார் மனைவியிடம்.

“ரெண்டரை வயசுக் குழந்தை அதுல நானூறு பேரையா ஏத்திட்டுப் போகப்போகுது?” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

நான்காவது முறை மனைவி அவரைத் தனியாக அனுப்பவில்லை. தன் தம்பியைக் காவலுக்குப் போட்டாள். மச்சினன் தையல்காரன். எந்தக் கோணலையும் ஓரத்தில் பிடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவன். “என்ஜின் இல்லாம ரெண்டு பேரும் வீட்டுப் படி ஏறாதீங்க,” என்று சொல்லித்தான் அனுப்பினாள். மாலை நான்கு மணிக்கு ஷிஃப்ட். அதற்குள் வேலை முடிய வேண்டும்.

பொம்மைக் கடையில் ஒரு தட்டு முழுக்க மர என்ஜின்கள், ஒன்பது. ஓடாது ஒவ்வொன்றாக இறக்கித் தரையில் வரிசையாக நிறுத்தினார். பிறகு வேலைப் பையிலிருந்து டார்ச்சையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு தானும் தரையில் குப்புறப் படுத்தார்.

“மாப்ளே, டார்ச்சைப் பிடி.”

“மாமா, எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். சத்தத்தைக் கேளு.” சுத்தியலால் ஒரு சக்கரத்தைத் தட்டினார். “கேட்டியா? கணீர்னு இல்லை.”

“மரம் மாமா அது.”

மச்சினன் டார்ச்சைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்தான். பக்கத்துத் தட்டில் ஒரு பொம்மைக்குப் போட்டிருந்த கவுனின் தையல் அவன் மனதை அரித்துக்கொண்டிருந்தது. அதைப் புரட்டிப் பார்த்து “என்ன தையல் இது, கருமம்” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்தில், காவல் காற்றில் பறந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் ஒன்பது என்ஜின்கள் மேலும் சிவப்புப் பெருக்கல் குறி.

வேண்டுமென்று செய்யவில்லை. இருபது வருடப் பழக்கம், கை தானாகப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துவிட்டது.

“யார் இதுல கிறுக்கினது?” கடைக்காரம்மா துணியோடு ஓடி வந்தார்.

“கையை வைக்காதீங்க!” ஓடாது படுத்தபடியே கத்தினார். “போட்ட கைதான் அழிக்கணும்.”

“அப்போ அழிங்க!”

“சரி பண்ணாம எப்படி அழிக்கிறது?”

“அப்போ சரி பண்ணுங்க! பண்ணிட்டு இடத்தைக் காலி பண்ணுங்க!”

கோபத்தில் சொன்ன வார்த்தை அது. ஆனால் ஓடாதுவின் காதில் மேலிடத்து உத்தரவாக விழுந்தது. எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். நூலுக்குத் தேய்க்க மச்சினன் வைத்திருந்த மெழுகைப் பிடுங்கி அச்சுகளுக்குத் தேய்த்தார். நகம் தேய்க்கும் அரம் ஒன்று எங்கிருந்தோ வந்தது. எங்கிருந்தோ என்ன, கடைக்காரம்மாவின் கைப்பையிலிருந்துதான். அவருக்கும் கோபம் தணிந்து, வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது.

முதல் என்ஜின் முடிந்தது. தட்டினார், கேட்டார், கைக்குட்டையால் குறியை அழித்தார். ஷெட்டில் சொல்வது போலவே கடை அதிரச் சொன்னார்: “ஓடும்!”

“அந்த சார் ஓடும்னு சொன்னதை எனக்குக் குடுங்க,” என்றார் குழந்தையோடு நின்றிருந்த ஒருவர்.

அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. ஓடும்! ஓடும்! ஒரு பெண் கரடிப் பொம்மையைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் அதன் வயிற்றிலும் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, “இது நம்ம டிபார்ட்மெண்ட் இல்லைங்க” என்று வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

ஒன்பதாவது ஒரு பச்சை என்ஜின். அது மட்டும் வழிக்கு வரவில்லை. அச்சுக்குப் போட்ட துளையே கோணல். நேராக விட்டால் இடது பக்கம் வளைந்து வளைந்து, கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது. மெழுகும் பலிக்கவில்லை, அரமும் பலிக்கவில்லை. “இது பிறவிக் கோளாறு,” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார்.

தட்டு காலியாக இருந்தது.

“மாப்ளே, மத்த எட்டும் எங்கே?”

“வித்துப் போச்சு மாமா.”

“நம்மளோடது?”

“நீங்கதான் எதையும் எடுத்து வைக்கலையே.” மச்சினன் கையில் ஊசி இருந்தது. பொம்மைக் கவுனைப் பிரித்துப் பாதி தைத்து முடித்திருந்தான்.

ஓடாதுவுக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. எட்டு வீட்டுக் குழந்தைகளுக்கு நல்ல என்ஜின் கொடுத்தாகிவிட்டது. தன் குழந்தைக்கு இந்தக் கோணல். விட்டுவிட்டுப் போகலாம் என்றால், “என்ஜின் எப்போ?” என்ற கேள்வி கண் முன்னால் நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக, ‘ஓடாது’ என்று தானே குறி போட்ட ஒரு என்ஜினை வெளியே கொண்டுபோனார். குறியை அழிக்க மட்டும் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அப்படியே பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் மகள் என்ஜினை வாங்கி முகர்ந்து பார்த்தாள், புகைபோக்கியைக் கடித்துப் பார்த்தாள். சிவப்புக் குறியைத் தொட்டு “இது என்ன?” என்றாள்.

“ஓடாதுன்னு அர்த்தம். வெளியே போகக் கூடாது,” என்றார் அவர், உண்மையை மறைக்கத் தெரியாமல்.

மூலையில் உட்கார்ந்து ஷிஃப்டுக்கு ஷூவைத் துடைக்க ஆரம்பித்தார். மகள் அவர் காலடியிலிருந்து சமையலறையைப் பார்த்து என்ஜினைத் தள்ளினாள். அது போகிற மாதிரி போய், இடது பக்கம் வளைந்து, அவர் கால் விரலில் முட்டி நின்றது. அதன் பின்னாலேயே ஓடியவளும் திரும்பி வந்தாள். அடுத்து வாசலைப் பார்த்துத் தள்ளினாள். மறுபடியும் அவர் காலடிக்கே வந்தது. எங்கே குறி வைத்தாலும் அது அப்பாவிடம்தான் வந்து சேர்ந்தது. ஏழாவது தடவை அவளுக்கு அலுத்துவிட்டது. நடையாவது மிச்சம் என்று அவர் மடியிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஓடாது மூச்சு விடவும் பயந்து உட்கார்ந்திருந்தார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து வேடிக்கை பார்த்தாள். மகள் அவர் பையைக் குடைந்து சுத்தியலை எடுத்தாள், டார்ச்சை எடுத்தாள், சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். அவர் செய்து காட்டியபடியே என்ஜினைத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டாள். “போட்டவங்கதான் அழிக்கணும். அதுதான் சட்டம்,” என்று அவளுக்குப் பெரிய மனுஷியிடம் பேசுவது போல விளக்கிக்கொண்டிருந்தார்.

மணி மூன்றரை. மனமில்லாமல் அவளை இறக்கிவிட்டு எழுந்தார். ஷூவை மாட்டினார். அந்தக் கை உயரும், அந்த வார்த்தை வரும் என்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு நின்றார்.

கை உயரவில்லை. மகள் சுத்தியலோடு வந்து குனிந்து அவர் ஷூவை ஒரு தட்டு தட்டினாள். காதை ஷூவின் மேல் வைத்துக் கேட்டாள். பிறகு பளபளவென்று துடைத்து வைத்திருந்த அந்த ஷூவில் சிவப்பாக ஒரு கோடு, அதன் மேல் இன்னொரு கோடு.

“ஓடாது,” என்றாள்.

மனைவி சிரித்துக்கொண்டே துணியை எடுத்தாள். “காலைக் காட்டுங்க, துடைச்சு விடுறேன்.”

“கையை வைக்காதே!” என்று கத்தினார். மகள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “அழிச்சு விடுங்க மேடம். ஷிஃப்டுக்கு நேரமாச்சு.”

மேடம் சாக்பீஸை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அசைந்து கொடுக்காமல் நின்றாள்.

அவர் போனை எடுத்தார். “சார், இன்னைக்கு என்னால வர முடியாது. சிவப்புக் குறி போட்டுட்டாங்க... ஆமா சார், எனக்குத்தான்... சட்டம் உங்களுக்கே தெரியும், அவங்கதான் அழிக்கணும்... எப்போ அழிப்பாங்களா?”

கீழே பார்த்தார். மகள் தலையை இடமும் வலமும் பலமாக ஆட்டினாள்.

“ரெண்டரை வருஷத்துப் பழுது சார். கொஞ்சம் நேரமாகும்.”