ஒரு ஆளுக்கான ஜெனரேட்டர்

"பெட்ரோல் ஜெனரேட்டர் சரிவராது. கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணணும். உனக்குத் தோள்வலி."

"நீங்க இழுங்க."

"பாத்ரூம் போகவே நடுவுல ரெண்டு இடத்துல நின்னு போறேன். நான் இழுத்தா, இன்ஜின் ஓடறதுக்கு முன்னாடி நான் நின்னுடுவேன்." கணவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கியது. "டீசலும் வேண்டாம். கேனைத் தூக்கிட்டு அலையணும். கேஸ்தான். சிலிண்டர் வாசலுக்கே வந்துடும். பட்டனை அமுக்கினாப் போதும், ஒரு ஆளே பார்த்துக்கலாம்."

"யாரு அந்த ஒரு ஆளு?"

அவர் மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டார்.

போன வியாழக்கிழமை பேசிய பேச்சு அது. இப்போது அவர் முன்னறையில், கழுத்துவரை வெள்ளைப் போர்வையோடு கிடந்தார். அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

கரண்ட் போனால் அவருடைய ஆக்சிஜன் மெஷின் நின்றுவிடுமே என்ற பயத்தில்தான் ஜெனரேட்டர் பேச்சே வந்தது. இன்று காலை கரண்ட் ஒரு நொடிகூடப் போகவில்லை. மெஷின் புஸ், புஸ் என்று ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, தைக்க வந்த பள்ளிச் சட்டைக்குப் பித்தான் வைத்துக்கொண்டிருந்தவள், அதை அவருடைய மூச்சு என்றே நினைத்திருந்தாள். "டீ போடவா?" என்று இரண்டாம் முறை கேட்டபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் ஆறு பித்தான்கள் வைத்து முடித்திருந்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மதியம் வெளியூரிலிருந்து மகன் வந்தான். அவன் பின்னாலேயே ஜெனரேட்டர் கடைக்காரர், இடத்தை அளக்க டேப்போடு வந்து, வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துத் தயங்கினார்.

"மன்னிச்சுக்குங்க தம்பி. சார் இன்னிக்கு வரச் சொல்லியிருந்தார். அப்புறமா வரேன்."

"வந்தது வந்துட்டீங்க, அளந்துட்டே போங்கண்ணே. அப்பா எதைச் சொன்னார்?"

"கேஸ்."

"அதுவே இருக்கட்டும். அம்மா இனிமே தனியாத்தான் இருப்பாங்க. இங்க கரண்ட் போனா மணிக்கணக்கா வராது."

பின்பக்கச் சுவரோரம் டேப் நீண்டு சுருங்கும் சத்தம் கேட்டது. மகன் வந்து அவள் அருகில் தரையில் உட்கார்ந்தான். அவன் வேலைக்குப் போய் ஆறு வருடம். ஞாயிறு தவறாமல் போன் பண்ணுவான். "சாப்பிட்டியா?" என்று கேட்பாள். அதற்குமேல் தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டு, "அப்பாகிட்டப் பேசு" என்று போனைக் கைமாற்றிவிடுவாள்.

"டீசல் மாதிரி புகையாதும்மா. வெளியிலதான் வைக்கப்போறாங்க. எப்படி ஆன் பண்றதுன்னு அவரே சொல்லித் தருவார்."

"ம்."

"நீ ஒண்ணுக்கும் பயப்பட வேண்டாம். நானும் அங்க நிம்மதியா இருப்பேன்."

அவள் போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். நீவ ஒன்றுமில்லாத இடத்திலும் நீவினாள். பிறகு மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைக்காரர்கிட்ட அளக்க வேண்டாம்னு சொல்லுடா. என்னை உன்கூடக் கூட்டிட்டுப் போ."