வழவழப்பான ஈரல்

நல்ல செய்தியை முதலில் கொண்டுவருகிறவனுக்கு எங்கள் நாட்டில் பரிசு உண்டு. வாசலில் நின்று "சுயுன்ஷி!" என்று கத்தினால் போதும், பரிசைக் கொடுத்துவிட்டுத்தான் செய்தியைக் கேட்பார்கள். அல்மாட்டி நகரத்துப் புற்றுநோய் ஆய்வுக்கூடம் ஒன்றில் இருபத்தாறு வருடமாக எலி ஈரல்களோடு மாரடிக்கும் எனக்கு, ஐம்பது வயதுவரை அப்படிக் கத்த ஒரு சந்தர்ப்பமும் வாய்க்கவில்லை. எங்கள் தொழிலில் வருகிற செய்திகளின் லட்சணம் அப்படி.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை வாய்த்தது. குடல் புற்றுநோய் செல்களை எலியின் மண்ணீரலில் ஊசியால் ஏற்றினால், அவை ரத்தத்தோடு போய் ஈரலில் குடியேறும். நான்கு வாரத்தில் ஈரல் முழுக்க வெள்ளைக் கட்டிகள். ஒரு கூண்டு எலிகளுக்கு வெறும் உப்புநீர், இன்னொரு கூண்டுக்கு எங்கள் மருந்து. அறுத்துப் பார்த்தபோது, உப்புநீர் எலிகளின் கட்டிகளை எண்ணி மாளவில்லை. மருந்து கொடுத்த பன்னிரண்டு எலிகளில் ஒன்றில்கூடக் கட்டி இல்லை. அத்தனை ஈரல்களும் வழவழவென்று இருந்தன.

அடுத்து அவற்றைச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் பிடிக்கும். யார் காத்திருப்பது? ஆய்வுக்கூடக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் பஸ் ஏறினேன்.

என் அக்கா ஒரின்ஷாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் குடலில் புற்றுநோய் அறுவை. நோய் ஈரலுக்குப் போயிருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பார்கள். அதற்கு முந்தைய வாரமெல்லாம் அவளுக்குச் சோறும் இறங்காது, தூக்கமும் வராது. அது அப்படியொரு வாரம்.

"சுயுன்ஷி, அக்கா, சுயுன்ஷி!"

"என்னடா ஜுமகலி, உனக்கு ரெண்டாம் கல்யாணமா?"

"அதைவிடப் பெரிசு. முதல்ல பரிசைக் குடு!"

குளிருக்காகப் பத்திரப்படுத்தியிருந்த குதிரைக்கறித் தொத்திறைச்சியில் முழுசாக ஒன்றை எடுத்துத் தந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். தொத்திறைச்சியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீடு திரும்பும்போது, தொலைக்காட்சிப் பேட்டிக்கு எந்தச் சட்டை போடலாம் என்று யோசித்ததையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த புதன்கிழமை ராயிசா பாவ்லோவ்னா கூப்பிட்டாள். எங்களுக்கு முப்பது வருடமாகத் திசு சீவித் தருகிறவள். கத்தியைவிட நாக்கு கூர்மை.

"உக்காருப்பா. ஏதாவது சாப்ட்டியா?"

அவள் என்னை அப்படிக் கேட்டதே கிடையாது. நேரே நுண்ணோக்கிக்குப் போனேன். குனிந்து பார்த்தேன். கட்டி இல்லைதான். ஆனால் ஈரல் செல்கள் வரிசையாக இருக்க வேண்டிய இடத்தில், அதே வரிசையில், புற்றுநோய் செல்கள் உட்கார்ந்திருந்தன. முட்டவில்லை, மோதவில்லை. ஒன்றைக் கிளப்பிவிட்டு அதன் இடத்தில் ஒன்று. மருந்து அவற்றைத் தடுக்கவில்லை, சத்தம் போடாமல் நுழையக் கற்றுக்கொடுத்திருந்தது.

"எத்தனையில?"

"பதினொண்ணுல. மேலாகப் பாத்தே எண்ணிட்டியா?"

"ம்."

"தர்பூசணி வாங்குறவன்கூடத் தட்டிப் பாத்துத்தான்யா வாங்குவான்."

கெட்ட செய்தியை நாங்கள் நேரே சொல்வதில்லை, சுற்றி வளைத்துத்தான் சொல்வோம். அன்றே அக்கா வீட்டுக்குப் போய், பேச்சைப் பனிப்பொழிவில் ஆரம்பித்து, பஸ் கூட்டத்தைத் தொட்டு, பக்கத்து வீட்டு நாய்வரை போனேன்.

"யாருடா செத்தது?" என்றாள் அக்கா.

"என் மருந்து."

சொல்லி முடித்தேன். அவள் தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

"திங்கக்கிழமை ஸ்கேனுக்கு நான் போகல. தம்பி மருந்து கண்டுபிடிச்சுட்டான், இனிமே எதுக்குன்னு விட்டுட்டேன்."

இன்றைக்கே போகலாம் என்று கெஞ்சினேன்.

"போன வாரமும் இதே மூஞ்சியோடதான் வந்து சொன்னே. நான் எதைடா நம்புறது?"

அவளை ஆய்வுக்கூடத்துக்கே கூட்டிப்போனேன். ராயிசா தன் நாற்காலியைக் கொடுத்தாள். அக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தாள்.

"இதுல திருடன் எது?"

"கருப்பா, நெருக்கமா இருக்கே, அது. பக்கத்துல இருக்கறதும்."

"சொந்த வீட்டுல இருக்குற மாதிரில்ல உக்காந்திருக்கு. இதை ஏன்டா முதல்லயே பாக்கல?"

மூன்று சாக்குகள் தயாராக வைத்திருந்தேன். மூன்றையும் விட்டுவிட்டேன்.

"அந்த எலிங்களை அறுக்கும்போதெல்லாம் உன் ஈரலைத்தான் நினைச்சேன், அக்கா. கட்டி இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே பாத்தேன். இல்லன்னதும் அதுக்குமேல பாக்கப் பயமா இருந்துச்சு."

ராயிசா ஏற்கெனவே துடைத்த கண்ணாடித் தகட்டை மறுபடி துடைத்தாள். அக்கா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஸ்கேன் அறை டாக்டர் என்னோடு படித்தவன். படம் வந்ததும் முதல் ஆளாக நானே பார்த்துச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். அக்கா என்னை அழுத்தி உட்காரவைத்து, தன் கைப்பையை என் மடியில் போட்டாள்.

"நீயும் பாக்காதே, உன் சிநேகிதனும் பாக்க வேண்டாம். என்னைத் தெரியாத யாராவது பாக்கட்டும்."