காத்து வாசிக்கும் பியானோ

தானாக வாசிக்கும் பியானோவுக்கு இளைஞர்களைப் பிடித்துத் தரும் வேலையில் சேர்ந்த அன்றே, கோகிலனின் பத்து விரல்களையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். வேப்பேரி பியானோ சங்கத்தில் அதுதான் வழக்கம். வலிக்கவில்லை. விரல்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, பியானோவின் தலையில் வைத்தார்கள்.

இளைஞர் என்று சொல்லத்தக்க ஒரே ஒரு ஜீவன் ஒரு பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டால் விரல்கள் திரும்பக் கிடைக்கும். கேட்காவிட்டால் சங்கத்துக்கே சொந்தம்.

சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் எழுபத்திரண்டு வயது. வேறு வயதில் சேர்த்துக்கொள்வதில்லை.

"தம்பி, இன்ஸ்டாகிராம்ல ரீல் விடுங்க" என்றார் செயலாளர் ஹென்றி பொன்னையா.

"ரீல் போடறது சார். விடறது வேற."

"ரெண்டும் ஒண்ணுதான். நானும் பார்த்திருக்கேன்."

கோகிலன் போனை மேசைமேல் வைத்துக் குனிந்தான்.

மூக்கால் தட்டி முதல் ரீலைப் போட்டான். உள்ளதை உள்ளபடி சொன்னான். உள்ளே காகிதச் சுருள். சுருளில் ஓட்டைகள். கீழே மிதித்தால் ஓட்டை வழியே காற்று பாயும், கட்டை தானாக இறங்கும். மூன்று பேர் பார்த்தார்கள். செயலாளர் இரண்டு தடவை. இன்னொருவர் பியானோ.

அப்புறம் ஒரு கேள்வி வந்தது. "ஆளே இல்லையே, யாரு வாசிக்கிறது?"

விளக்கம் எழுத மூக்குக்குத் தெம்பில்லை. ஒரே வார்த்தை தட்டினான்.

"காத்து."

அங்கேதான் வினை. பகலில் காத்து என்றால் காற்று. இருட்டியபின் புளியமரத்தடியில் சொன்னால் அதுவே பேய். இளைஞர்களின் போனுக்குள் எப்போதும் இருட்டுதான். டீ ஆறுவதற்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். டம்ளரைக் கழுவுவதற்குள் அத்தனை பேரும் நேரிலேயே வந்துவிட்டார்கள்.

ஆள் வர வரக் கூடம் நீண்டது. கடைசி வரிசை பெரம்பூரில் இருந்தது.

வந்தவர்கள் எல்லோரும் பியானோவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். போனை உயர்த்தினார்கள். தோளுக்கு மேலே பியானோ தெரிகிறதா என்று பார்த்தார்கள். தெரிந்தது. எழுந்து பின்வரிசைக்குப் போனார்கள். அடுத்த முதுகு வந்தது.

பொன்னையா பரவசத்தோடு மிதித்துக்கொண்டிருந்தார். "பார்த்தீங்களா தம்பி, எவ்வளவு ஆர்வம்!"

முதுகுகளில் ஒன்று மட்டும் எழுந்திருக்கவில்லை. பெயர் பிரதிக்ஷா, கல்லூரி மாணவி.

"அங்கிள், பேய் எப்ப வரும்?" என்று கோகிலனைக் கேட்டாள்.

"பேய் இல்லம்மா. காத்து."

"அதான் அங்கிள், காத்து."

"இது வேற காத்து."

"வெரைட்டி வேற இருக்கா?"

கோகிலன் விரலில்லாத கைகளைக் கூப்பினான். "ஒரே ஒரு பாட்டு. முழுசா கேட்டுடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"டூ எக்ஸ்ல வைங்க. கேக்கறேன்."

பொன்னையா இரண்டு மடங்கு வேகத்தில் மிதித்தார். கல்யாணப் பாட்டு ஒன்று தீப்பிடித்த வீட்டிலிருந்து இறங்குவதுபோல் ஓடி வந்தது. சுருள் முடிந்தது. பிரதிக்ஷா கொட்டாவி விட்டாள். முழுசாகக் கேட்டிருந்தாள்.

"வேகமா கேட்டா பாதிதான் கணக்கு" என்றார் பொன்னையா, மூச்சு வாங்கிக்கொண்டு. "இடது கை விரலை மட்டும் எடுத்துக்குங்க."

டப்பாவைத் திறந்தார். காலி. அடியில் பிஸ்கட் தூள்.

பொன்னையாவின் கால் மிதியில் இல்லை. சுருளும் ஓடவில்லை. ஆனால் கட்டைகள் இறங்கின. நிதானமாக, ஒவ்வொன்றாக. பள்ளியில் படித்த காலத்தில் கோகிலன் பாதியில் விட்ட பியானோ பாடம் அது. இப்போது பாதியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. தன் விரல்களை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கட்டை விரல்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரம்பூர் வரை எல்லா முதுகுகளும் திரும்பின. முதல் தடவையாக இரண்டு லட்சம் முகங்கள் தெரிந்தன. எல்லாம் ஒரே முகம்.

"காத்துதான் நின்னுருச்சே" என்றாள் பிரதிக்ஷா. "இப்ப யாரு அங்கிள் வாசிக்கிறது?"

"நான்தாம்மா" என்றான் கோகிலன்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். மொட்டைக் கைகளைப் பார்த்தாள்.

"சும்மா ரீல் விடாதீங்க அங்கிள்."