ஏழு பேரின் கடல்

சிமியோன் மகனுடைய கட்டிலை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார். சவப்பெட்டி வைக்க வீட்டு மண்டபத்தில் இடம் வேண்டும். படலையைத் திறந்து வந்த கண்ணாடிக்காரன் ஒருவன் கட்டிலின் மற்றப் பக்கத்தைப் பிடித்தான். குருநகர் ஆள் இல்லை.

"நீர் ஆர்?"

"பிரவீணன், ஐயா. கொக்குவில். றெஜி அண்ணையோடை போனிலை விளையாடுறனான்."

கடலட்டை பிடிக்க ஆழத்தில் சுழியோடப் போய் இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிறகு, றெஜி கட்டிலில் கிடந்து விளையாடியது அந்த ஒன்றைத்தான். ஐரோப்பா வரைபடம், ஏழு பேர், ஆளுக்கொரு நாடு. பகடை இல்லை. கதைத்தே வெல்ல வேண்டும். ஆளோடு ஆள் இரகசியமாக உடன்பாடு பேசிவிட்டு, கப்பலை எங்கே விடுவதென்று அவரவர் மறைவாக எழுதி வைப்பார்கள். குறித்த நேரத்தில் எல்லாருடையதும் ஒன்றாகத் திறக்கும். சொன்ன சொல்லை மீறினால் குற்றமில்லை. முகம் தெரியாத பொய்யரோடு என்ன கூட்டு என்று சிமியோன் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். நேற்று விடியற்காலை, ஆசுபத்திரியில், காய்ச்சல் றெஜியைக் கொண்டுபோய்விட்டது.

"நீர் என்ரை பிள்ளையை ஏமாத்தினனீரோ?"

"ஓம் ஐயா. ரெண்டு தரம்." அவன் கட்டிலை விடவில்லை. "அவர் என்னை நாலு தரம்."

சிமியோன் தன் பக்கத்தைத் தூக்கினார். அவனும் தூக்கினான்.

மகள் ஜெசிதாதான் றெஜியின் போனிலிருந்து விளையாடும் மற்ற ஆறு பேருக்கும் சாவுச் செய்தி அனுப்பியிருந்தாள். இன்று பின்னேரம் ஆறு மணிக்கு ஆட்டம் திறக்கும் என்றாள். எழுத ஆளில்லாத நாட்டின் கப்பல்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். அக்கம்பக்கத்து நாடுகள் வந்து அடிக்கலாம். சிமியோனுக்கு விளங்கியது இவ்வளவுதான்: பெட்டியில் கிடக்கிறவனின் துறையை எவனோ பிடிக்கப் போகிறான்.

பிரவீணனை வேலியோரம் கூட்டிக்கொண்டு போனார்.

"இஞ்சை பாரும். இண்டைக்கு எங்கடை துறையிலை ஒரு போட்டும் இறங்கேல்லை. என்னோடை கதைபேச்சில்லாத சந்தியோகுவும் இறக்கேல்லை. அடக்கம் எண்டால் அப்பிடித்தான். உங்கடை ஆக்களுக்கு உது தெரியுமோ?"

"தெரியாது ஐயா. சொல்லிப் பாக்கிறன்."

அவன் அங்கேயே நின்று எழுதினான். ஒஸ்லோவிலிருந்தும் கனடாவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் ஓம், ஓம் என்று பதில் வந்தது. தன்னுடைய கப்பல்களையும் அசையாமல் நிற்கும்படி மாற்றிவிட்டதாகச் சொன்னான். சிமியோன் நம்பவில்லை. ஓம் என்று சொல்லிவிட்டு அடிப்பதுதானே விளையாட்டே.

சேமக்காலையில், குழியருகே, சுவாமியார் செபம் சொல்லும்போதும் அவர் கண் பிரவீணனின் சட்டைப் பையிலேயே போய் நின்றது.

ஆறு மணிக்கு, சனம் கலைந்த வீட்டில், ஜெசிதா றெஜியின் போனில் படத்தைத் திறந்தாள். சிமியோன் ஒவ்வொரு நாடாக விரல் வைத்துக் கேட்டார். உவன்? நிற்கிறான். இவன்? இவனும் நிற்கிறான். ஆறு பேரும் அசையவில்லை. ஒரு கப்பல் மட்டும் இடம் மாறியிருந்தது.

"நான் சொன்னனான். உது ஆற்றை?"

ஜெசிதா போனைப் பிரவீணன் பக்கம் திருப்பினாள். பிரவீணன் எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான்.

"அண்ணையின்ரை. ஆசுபத்திரிக்குப் போக முதலே எழுதி வைச்சிருக்கிறார். நான் காவல் இல்லாமல் விட்ட துறை. பிடிச்சிட்டார்."

"தொடமாட்டன் எண்டு சொன்னவனோ?"

"அந்தோனியாராணை தொடமாட்டன் எண்டு எழுதினவர்."

அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா என்று தெரியவில்லை. சிமியோன் வேறு பக்கம் பார்த்தார். ஜெசிதா தேத்தண்ணி ஊற்ற எழும்பினாள். இவருக்கும் ஊற்று என்றார் சிமியோன்.

"அடுத்தது எப்ப திறக்கும்?"

"வாற கிழமை."

"துறையைத் திருப்பிப் பிடிப்பீரோ?"

"பிடிக்கத்தானே வேணும், ஐயா."

சிமியோன் தலையாட்டினார். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. படம் மங்கி அணையப் பார்க்கும்போதெல்லாம், வலை இழுத்துக் காய்த்த விரலால் அதை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.