கொலு பொம்மைக்கு முதுகு கிடையாது

வீரனுக்கு இவ்வுலகில் இரண்டே நிலைகள்தான்: நிற்பது, இல்லையேல் வீழ்வது. மூன்றாவது நிலை என்று ஒன்று கிடையாது.

இந்த வாசகத்தை ஆங்கிலத்திலும், அதற்குக் கீழே ஜப்பானிய எழுத்திலும் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மயிலாப்பூர் லஸ்ஸுக்குப் பக்கத்திலுள்ள தன் மூன்றாம் மாடி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார் மாணிக்கவாசகம். அவருக்கு மூன்றாவது நிலை ஒன்று இருந்தது. தரையில் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டால், கட்டில் காலோ கதவு நிலையோ மனைவியின் கையோ கிடைக்காமல் எழுந்திருக்க முடியாது. வலது முட்டி. "இனிமே தரைக்கும் உங்களுக்கும் சம்பந்தம் வேணாம்" என்று ஆழ்வார்பேட்டை எலும்பு டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. ஆனால் எந்த சாமுராயும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாளைத் துடைத்ததாக மாணிக்கவாசகம் படித்ததில்லை.

ஒரகடத்தில், கார்க் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனியில் அவர் துணைப் பொது மேலாளர். கம்பெனியில் பாதி நகோயாக்காரர்களுடையது. அந்தப் பாதி வந்த நாளிலிருந்து மாணிக்கவாசகம் மாணி-சான் ஆகிவிட்டார். மீட்டிங்கில் குனிந்து வணங்கிவிட்டுப் பேசினார், வணங்கிவிட்டு உட்கார்ந்தார். ரப்பர் பட்டையின் அகலம் மயிரிழை குறைந்தாலும் 'மானம்' என்ற சொல்லை எடுத்தார். வீட்டுக்கு யாராவது வந்தால் பச்சைத் தேநீரை, கஷாயம் குடிக்கிற குழந்தையின் முகத்தோடு, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். அவர்கள் படியிறங்கிய சத்தம் கேட்டதும் சமையலறைக்குள் போய் டிகாஷன் மீதி இருக்கிறதா என்று பார்த்தார்.

இப்போது நகோயா தலைமை அலுவலகத்துக்கு இங்கிருந்து ஒருவரை அனுப்பப் போகிறார்கள். ஒன்று மாணிக்கவாசகம், இல்லாவிட்டால் தரக்கட்டுப்பாட்டுத் துரைராஜ். துரைராஜுக்கு ஜப்பானைப் பற்றி ஒன்றும் தெரியாது. வேலை மட்டும்தான் தெரியும். முடிவு சொல்ல வேண்டியவர் ஹயாஷிதா என்ற பெரியவர். நவராத்திரி சமயத்தில் அவர் சென்னைக்கு வருகிறார் என்று தெரிந்ததும் மாணிக்கவாசகம், 'எங்கள் இல்லத்துப் பொம்மைக் கொலுவில் தங்கள் தேசத்துக்கு என் எளிய காணிக்கை ஒன்றைக் காண வாருங்கள்' என்று அழைப்பு அனுப்பினார். காணிக்கை என்பது ஒரு சாமுராய்ப் போர்க்களம் என்பதை, அனுப்பிய பிறகுதான் மனைவி சந்திரிகாவிடம் சொன்னார்.

"படி என்னோடது" என்றாள் சந்திரிகா. "ஒம்போது படியிலயும் சாமிங்க. அதுல உங்க ஆளுங்க ஒருத்தன் கால் வெக்கக் கூடாது. கீழ தரையில பார்க் கட்டுவோம்ல, அந்த எடத்தை எடுத்துக்கங்க. ஆனா ரத்தம் கித்தம் எதுவும் வேணாம்."

"போர்க்களத்துல ரத்தம் இல்லாம எப்படி சந்திரி?"

"குங்குமத்தைக் கரைச்சு ஊத்துவீங்க. சுண்டலுக்கு வர்றவங்க மிதிச்சு வீடு பூரா அப்புவாங்க. வேணாம்னா வேணாம்."

ஆகவே, ரத்தம் சிந்துவதற்கு ஒரு கணம் முந்தைய போர்க்களம் என்று முடிவாயிற்று.

அசல் சாமுராய் பொம்மைகள் இணையத்தில் கிடைத்தன. விலையைப் பார்த்த மாத்திரத்தில், காசு கொடுத்து வாங்கிய வீரன் வீரனே அல்ல, ஒவ்வொருவனையும் தன் கையாலேயே படைக்க வேண்டும் என்ற ஞானம் மாணிக்கவாசகத்துக்குப் பிறந்தது. வடக்கு மாடவீதி நடைபாதைக் கடைகளில் தேடினார். கல்யாண செட் இருந்தது, வளைகாப்பு செட் இருந்தது, பெருமாள் புறப்பாடு இருந்தது. கடைசியில் கிரிக்கெட் செட் ஒன்றை வாங்கி, பைக்குள் பை போட்டு, தெரிந்தவர் கண்ணில் படாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

சாமுராய்க்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. பேட்ஸ்மேனுக்குக் காலில் பேடு, தலையில் கம்பி வைத்த ஹெல்மெட். மட்டையைச் சீவினால் வாள். குந்தியிருக்கிற விக்கெட் கீப்பர் ஒற்றன். ஸ்லிப்பில் கையேந்தி நிற்கிறவர்களின் கையில் ஆளுக்கொரு ஈர்க்குச்சியைச் செருகினால் ஈட்டிப் படை. எல்லோருக்கும் மேலாக, வெள்ளைக் கோட்டும் வட்டத் தொப்பியும் போட்டு, ஒற்றை விரலை உயர்த்தி நின்றார் அம்பயர். அவருடைய மிடுக்கு வேறு யாரிடமும் இல்லை. அவரைத் தளபதி ஆக்கினார் மாணிக்கவாசகம்.

கவசத்துக்கு ரெக்ஸின் கொடுத்தது கீழ்வீட்டுக் காஷிஃப். ராயப்பேட்டையில் கார் சீட் கவர் தைக்கிற கடை வைத்திருப்பவர். வெட்டி மீந்த துண்டுகளைப் பை நிறையக் கொண்டுவந்தவர், மண்டி போட்டுப் பசை தடவிக்கொண்டிருந்த மாணிக்கவாசகத்தை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, அம்பயர் தலைல கொம்பு வெச்சிக்கினு கீறே?"

"அது தளபதி, பாய்."

"தளபதியா? வெரலப் பாரு சார். அவுட்டு குடுத்துக்கினு கீறாரு."

"சபதம். வானத்தைச் சாட்சி வெச்சு சபதம் பண்றார்."

"இன்னா சபதமோ போ." காஷிஃப் பொம்மையைத் தூக்கித் திருப்பினார். "பின்னாடி அப்டியே கீது சார். வெள்ளக் கோட்டு. இடுப்புல பவுலரோட ஸ்வெட்டரு. இதுக்கும் ரெண்டு துண்டு ஒட்டு. ரெக்ஸின் கீதே."

மாணிக்கவாசகம், உலகம் தெரியாதவரைப் பார்க்கிற பார்வை ஒன்று பார்த்தார்.

"கொலு பொம்மைக்கு முதுகு கிடையாது, பாய்."

இது மயிலாப்பூரில் பிறந்தவர்கள் எல்லோரும் அறிந்த உண்மை. செட்டியார் பொம்மைக்கு வேட்டியின் மடிப்பு முன்னால்தான் உண்டு. பின்னால் வெறும் களிமண் நிறம். சுவரைப் பார்த்து இருக்கிற பக்கத்துக்கு யார் வர்ணம் அடிப்பார்கள்? எத்தனையோ நவராத்திரி பார்த்தாயிற்று, யாராவது கொலு பொம்மையைத் திருப்பிப் பார்த்ததுண்டா? முன்பக்கத்துக்கு மட்டும் கவசம் போட்டு, ஜிகினாத் தாளில் கொம்பு வெட்டி ஒட்டி, படையைச் சுவரோரமாக அணிவகுக்க வைத்தார்.

பின்னணியில் தெர்மாகோலில் ஃபூஜி மலை. உச்சியில் பனிக்கு விபூதி. குளத்துக்குக் கண்ணாடி. வயலுக்கு, எல்லா வீட்டுப் பார்க்கிலும் போல, மண் பரப்பிக் கடுகு விதைத்தார். செர்ரிப் பூவுக்குப் பொரியில் ரோஸ் கலர் ஏற்றிக் குச்சி குச்சியாக ஒட்டினார்.

ஹயாஷிதா வெள்ளிக்கிழமை வருவார் என்றார்கள். அப்புறம் சரஸ்வதி பூஜை அன்று என்றார்கள். அப்புறம் விஜயதசமி மாலை என்றார்கள். கடுகுக்குக் கம்பெனி அட்டவணை தெரியாது. வெள்ளிக்கிழமை வீரர்களின் கணுக்கால் உயரத்தில் இருந்த வயல் சரஸ்வதி பூஜைக்கு இடுப்பளவு வந்தது. விஜயதசமி காலையில் பார்த்தால் ஈட்டிப் படையைக் காணோம். ஈர்க்குச்சிகள் மட்டும் தெரிந்தன. மாணிக்கவாசகம் நகம் வெட்டுகிற கத்தரியோடு குனிந்தார். வெட்டி முடிப்பதற்குள் செர்ரி மரத்தில் எறும்பு. எறும்பை ஊதினார், ஃபூஜியின் பனி பறந்து குளத்தில் விழுந்தது. குளத்தைத் துடைக்கும்போது ஒற்றன் கவிழ்ந்தான். ஒற்றனை நிமிர்த்திவிட்டு பால்கனிக்குப் போனார், வந்தார், போனைப் பார்த்தார், மறுபடி பால்கனிக்குப் போனார்.

"தேஞ்சு போகுது டைல்ஸ்" என்றாள் சந்திரிகா. விளக்கேற்றி ஆரத்தி எடுத்தாயிற்று. அவளுக்கு தி. நகரில் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். "ஒரு பொம்மையைப் படுக்க வெச்சிட்டா கொலு முடிஞ்சுது. வெச்சிட்டுக் கெளம்பறேன்."

"அவர் இன்னும் வரலையே!"

"அதுக்கு? விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையாவது தூங்கணும். எங்க வீட்ல ஒரு வருஷம்கூட இது தப்பினதில்லை. மரப்பாச்சியைப் படுக்க வெக்கறேன், உங்க ஜப்பான்காரருக்கு என்ன வந்துது?"

"மேல் படியில ஒண்ணு மல்லாக்கப் படுத்துக் கிடந்தா என்ன நினைப்பார்? நுழைஞ்சதும் அதுதான் கண்ணுல படும். அவங்க ரொம்ப நுணுக்கம், சந்திரி. நகோயா, சந்திரி. மூணு வருஷம். துரைராஜைப் போக விட்டுடவா?"

சந்திரிகா அவரைப் பார்த்தாள். பத்து நாளாகச் சரியாகத் தூங்காத முகம். மூக்கு நுனியில் விபூதி.

"சரி. படியில கை வெக்கலை."

நிம்மதியில் மாணிக்கவாசகம், அவள் எதைச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. அதற்குள் போன் அடித்தது. மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். கார் லஸ்ஸைப் பார்க்காமலேயே மந்தைவெளிக்குப் போய்விட்டது. மாணிக்கவாசகம் படிகளில் பக்கவாட்டாக இறங்கி ஓடினார். தெருமுனைக்கும் கேட்டுக்கும் நடந்தார். ஒவ்வொரு வெள்ளைக் காருக்கும் குனிந்து வணங்கினார். நாலாவது கார் தண்ணீர் கேன் கொண்டுவந்தது. கடைசியில் காஷிஃப்தான் ஸ்கூட்டரில் போய், மந்தைவெளியில் நின்றிருந்த காருக்கு வழிகாட்டிக் கூட்டிவந்தார்.

ஹயாஷிதா ஒல்லியான, சிரித்த முகத்துக்காரர். வாசலில் ஷூவைக் கழற்றி வரிசையாக வைத்தார். ஒன்பது படிகளையும் பார்த்துக் கைகூப்பினார். பிறகு போர்க்களத்தைப் பார்த்தார், "ஓ!" என்றார். எழுபது வயது மனிதர், பூனை உட்காருகிற மாதிரி சத்தமில்லாமல் அதன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். மாணிக்கவாசகத்துக்கும் வேறு வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டார்.

அப்போதுதான் பார்த்தார். வெட்டிய கடுகு வயலின் நடுவில், மடித்த கைக்குட்டை ஒன்றைத் தலையணையாக வைத்து, தளபதி படுத்திருந்தார்.

மல்லாக்கக்கூட அல்ல. ஒருக்களித்து, சுவரைப் பார்த்து.

"வெரல் ஒடஞ்சிடும்னு அப்படி வெச்சேன்" என்றாள், அக்கா வீட்டுக்குக் கிளம்பாமல் பின்னால் நின்றிருந்த சந்திரிகா, மெதுவாக.

ஹயாஷிதா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமான ஆங்கிலத்தில் கேட்டார்: "இவர் இறந்துவிட்டாரா?"

"தூங்குகிறார்" என்றாள் சந்திரிகா.

"வீரமரணம்" என்றார் மாணிக்கவாசகம்.

இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன. ஹயாஷிதா இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, தளபதியின் முதுகை உற்றுப் பார்த்தார். வெள்ளைக் கோட்டு, இடுப்பில் கைகள் தொங்க முடிச்சுப் போட்ட நீல ஸ்வெட்டர், பக்கத்தில் இன்னொன்று.

"மாணி-சான், இந்த உடையை நான் பார்த்ததே இல்லை. இடுப்பில் என்ன?"

கதவருகே நின்ற காஷிஃப் இருமினார். மாணிக்கவாசகம் கண்ணை மூடித் திறந்தார்.

"தோற்ற எதிரிகளின் கொடிகள்" என்றார். "வென்றவர் இடுப்பில் கட்டிக்கொள்வார். மிகப் பழைய வழக்கம். என் ஆராய்ச்சியில் கிடைத்தது."

"எனக்கே தெரியாதே" என்றார் ஹயாஷிதா. குரலில் நிஜமான மரியாதை இருந்தது. "எங்களைப் பற்றி எங்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறீர்கள். இதை எல்லோரும் பார்க்க வேண்டும்."

யாரும் ஒன்றும் சொல்வதற்குள், போனை எடுத்துத் தளபதியின் முதுகைப் பக்கத்தில் போய்ப் படம் பிடித்தார். 'மாணி-சானின் அரிய ஆராய்ச்சி' என்று தலைப்புக் கொடுத்து, கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். அந்தக் குரூப்பில் நகோயாவும் இருந்தது. ஒரகடம் தொழிற்சாலை மொத்தமும் இருந்தது.

"நைனா..." என்றார் காஷிஃப், யாரையும் குறிப்பிடாமல். "ஊரே கிரிக்கெட் பாக்குற ஊரு."

மாணிக்கவாசகத்தின் சட்டைப்பையில் போன் அதிர ஆரம்பித்தது. முதலில் கட்டை விரல்கள். பிறகு சிரிக்கிற முகங்கள். பிறகு துரைராஜ். கேலி தெரியாத மனிதர். தமிழில், உதவுகிற எண்ணத்தோடு எழுதியிருந்தார்: 'சார், அது அம்பயர் பொம்மை சார். கிரிக்கெட் செட். எங்க அசோக் நகர் வீட்லயும் அதேதான் வெச்சிருக்கோம். பின்னாடி பவுலரோட ஸ்வெட்டர்.' கூடவே ஒரு படம். ஸ்டம்புக்குப் பின்னால், கொம்பில்லாமல், விரலை உயர்த்தி நின்றார் அதே தளபதி.

தமிழ்தானே, பெரியவருக்குப் புரியாது என்று மாணிக்கவாசகம் ஒரு மூச்சு விட்டார். ஹயாஷிதா திரையில் விரலை அழுத்தி வைத்தார். மொழிபெயர்ப்பு வந்தது. படித்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, சுவரோரப் படையை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனார்: பேடு, ஹெல்மெட், கையேந்திய ஸ்லிப், குந்தியிருக்கிற ஒற்றன்.

"மாணி-சான்" என்றார். "எந்த டீம் ஜெயித்தது?"

அந்தக் கேள்வியில் கோபமே இல்லை. அதைத்தான் மாணிக்கவாசகத்தால் தாங்க முடியவில்லை. தனக்குத் தெரிந்ததிலேயே மிகப் பெரிய மன்னிப்பைக் கேட்டார்: இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றி, நெற்றி கடுகு வயலில் படும்வரை குனிந்தார்.

ஹயாஷிதா, "போதும், போதும், எழுந்திருங்கள்" என்றார். மாணிக்கவாசகம் எழுந்திருக்கவில்லை. வருத்தம் அவ்வளவு ஆழமானது போலும் என்று பெரியவர் நெகிழ்ந்து, தானும் பதிலுக்குக் குனிந்து வணங்கினார். நிமிர்ந்து பார்த்தார். மாணிக்கவாசகம் அப்படியே இருந்தார். காதோரத்தில் எறும்பு ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

"அவருக்கு முட்டி" என்றாள் சந்திரிகா ஆங்கிலத்தில், தன் முட்டியைத் தொட்டுக் காட்டி. "தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க வராது."

"அடடா" என்றார் ஹயாஷிதா. நிஜமாகவே வருத்தப்பட்டார். "நகோயாவில் கம்பெனி கொடுக்கிற வீட்டில் நாற்காலி கிடையாது. சாப்பாடு, தூக்கம் எல்லாமே தரையில்தான்."

மாணிக்கவாசகத்தைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். இடது தோளைக் காஷிஃப் பிடித்தார். வலது தோளை ஹயாஷிதா பிடித்தார்.